தோற்கக் கட்டிய கம்பி

வயரிங் செய்ய வருகிறவர்கள் பொதுவாகச் சுவரைப் பார்ப்பார்கள். அவர் அடுப்பைப் பார்ப்பார். பிறகு அடுப்புக்கு முன்னால் நிற்கிற பெண்மணியைக் கேட்பார்:

"ஏனுங்கம்மிணி, காத்தால எந்திரிச்சதும் மொதல்ல எதைப் போடுவீங்க? அது ஓடிட்டிருக்கறப்ப அடுத்தது எதைப் போடுவீங்க?"

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைப்பார். தன் வீட்டைப் பற்றித் தன்னிடம் ஒரு கேள்விகூட வரவில்லையே என்ற வருத்தம் அந்தக் கனைப்பில் இருக்கும். கேள்வி கேட்டவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படிக் கனைத்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை, இனிஷியலோடு நினைவிருக்கிறது. அந்தப் பெயரை ஒரே ஒரு முறை காகிதத்தில் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை எழுதும் யோக்கியதை இந்தக் கைக்கு இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில், பாலக்காட்டுப் பக்கம் எல்லையோரக் கிராமமான எருத்தேன்பதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் பாலக்காட்டுக் கோயில் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. எருத்தேன்பதி பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். சர்க்கார் எழுதுவது மலையாளம். இரண்டுக்கும் நடுவில் என்னைப் போல ஒருவன் குடியிருப்பது ஊருக்குச் சௌகரியம். வாய்க்கால் நோட்டீஸ், வரி நோட்டீஸ், கோர்ட்டு நோட்டீஸ், எது வந்தாலும் நேரே என்னிடம் கொண்டுவந்து, "சார், இதுல என்னன்னு போட்டிருக்குது?" என்பார்கள். படித்துச் சொல்வேன். பதிலும் எழுதித் தருவேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் சொன்னதுதான் மலையாளம். அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. காக்கி அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பென்சில் மாதிரி செருகிய டெஸ்டர். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியில் கம்பி, ஆணி, மரச்சட்டம் எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, அவருடைய வயர்மேன் பெர்மிட்டும் அவருக்கு வந்த காகிதங்கள் அத்தனையும் இருக்கும். மலையாளம் காதால் கேட்டால் புரியும். படிக்க வராது. படிக்க வராதவர்கள்தான் காகிதத்தை அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்கள். நான் படித்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடுகிற ஜாதி.

எங்கள் வீட்டில் விளக்குக்கு மட்டும் லைன் இருந்தது. என் மனைவிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கிரைண்டர் வந்து சேர்ந்தது. அவள் அண்ணா ஒரு மிக்ஸி கொடுத்தார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க எனக்கு அலுப்பாக இருந்ததால் நானே ஒரு சுருள்கம்பி மின்சார அடுப்பு வாங்கி வந்தேன். மூன்றும் சமையலறையில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன. அவரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காத்தால வந்து பாக்கறனுங்க" என்றார். டேப்போடு வந்து அளப்பார் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு வந்தார். தகரப் பெட்டியைச் சமையலறை வாசலில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து என் மனைவி கூடத்துக்கு வந்து கிசுகிசுத்தாள்.

"ஏன்னா, அவர் என்னத்துக்கு அடுக்களை வாசல்ல உக்காந்திண்டிருக்கார்? காப்பி குடுத்தேன். குடிச்சுட்டு இன்னும் உக்காந்திண்டிருக்காராக்கும்."

"அவரையே கேளேன்."

கேட்டாள். "நீங்க பாட்டுக்குச் சமையல் பண்ணுங்கம்மிணி. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்று பதில் வந்தது.

எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். அவள் ஆட்டுக்கல்லில் எப்போது உட்கார்ந்தாள், மண்ணெண்ணெய் அடுப்பை எப்போது மூட்டினாள், எதெது ஒரே நேரத்தில் நடந்தது என்று ஒரு சிமெண்டுப் பையின் துண்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டார். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவருடைய முகம். நடுநடுவே கேள்வி. விருந்தாளி வந்தால் எவ்வளவு மாவு? வெள்ளிக்கிழமை கூட ஏதாவது உண்டா? ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற பழக்கம் இருக்கிறதா? இரண்டாம் கேள்விக்கே அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. பெண் பார்க்கப் போனபோது நான் அவளைக் கேட்ட கேள்விகள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று எத்தனாவது வரை படித்தாய் என்பது. இன்னொன்று என்னவென்று மறந்துவிட்டது. அவள் காலை வேளையில் என்ன செய்கிறாள் என்று உட்கார்ந்து பார்த்த முதல் மனுஷன் அவர்தான். இன்றுவரை கடைசி மனுஷனும் அவரே.

எட்டு மணிக்கு என்னிடம் வந்தார்.

"ரெண்டு லைன் வேணுமுங்க சார். அடுப்புக்குத் தனி. கிரைண்டரும் மிக்ஸியும் சேத்து ஒண்ணு. மணி ஏழே காலுக்கு அம்மிணி ஒரு பக்கம் மாவாட்டறாங்க, ஒரு பக்கம் அடுப்புல கொழம்பு வெக்கறாங்க. ரெண்டையும் ஒரே லைன் தாங்காதுங்க."

மீட்டர் பலகை கூடத்தில். சமையலறை பின்னால். நடுவில் சுவரை அடைத்துக்கொண்டு என் புத்தக அலமாரி. அதன் பின்னால் இருந்த இடுக்கில் கம்பி ஓடுகிற மரச்சட்டம் ஒன்று போகும், இரண்டு போகாது.

"அலமாரியை ரெண்டடி ஜன்னல் பக்கம் தள்ளிட்டாப் போதுமுங்க."

"அங்கே வெயில் விழும். புத்தகத்துக்கு ஆகாது."

"சாக்கு கட்டி உட்டர்லாமுங்க."

சாக்கு! என் புத்தகங்களுக்குச் சாக்கு! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அலமாரியில் மின்சாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு வோல்ட், ஆம்பியர், வாட் என்று கால் மணி நேரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். முப்பது வருஷமாகக் கம்பி இழுக்கிறவருக்கு. ஒரே லைன் தாராளமாகப் போதும், இரண்டையும் ஒன்றாக ஓட்டாமலிருந்தால் தீர்ந்தது என்று முடித்தேன். கடைசிவரை கேட்டார்.

"புஸ்தகத்துல சரிதானுங்க. ஆனா அம்மிணிக்குக் கை ரெண்டுங்களே."

அலமாரி நகரவில்லை. ஒரே லைன்தான் போட்டார். போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். "ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஃபியூஸ் போயிருமுங்க. போகோணும். அப்படித்தான் கட்டுவேன்."

ஃபியூஸ் விஷயத்தில் அவர் தனி ரகம். வேலை முடிந்ததும் எல்லா வயர்மேன்களும் விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள். அவர் அணைத்துக் காட்டுவார். வீட்டுப் பெண்மணியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்வார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கிரைண்டர் ஓடியது, மிக்ஸி அலறியது, அடுப்புச் சுருள் சிவந்தது. மெதுவாக 'டப்' என்றொரு சத்தம், எல்லாம் அடங்கியது. என் மனைவி பயந்து பின்னால் நகர்ந்தாள். அவர் முகத்தில் பேரன் முதலடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர் போல ஒரு சிரிப்பு.

"தோத்துருச்சுங்க. நல்லதுங்க. பயப்படாதீங்கம்மிணி, இது தோக்கறதுக்குன்னே வெச்சிருக்கற ஆளு. ஊட்டுல அப்படி ஒருத்தன் இருக்கோணுமுங்க. இவன் தோத்தாத்தான் மத்ததெல்லாம் நிக்கும்."

எங்கள் வீட்டில் அந்த உத்தியோகத்தை அதுவரை நான் பார்த்துவந்தேன் என்று சொன்னேன். என் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஃபியூஸின் வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை அளந்து கட்டிக்கொண்டிருந்தார். மிச்சக் கம்பியை ஒரு தீப்பெட்டியில் சுருட்டி வைத்து, அதில் நீல நூல் சுற்றி, மீட்டர் பலகைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டார். நீலம் சமையலறைக்கு. விளக்கு லைனுக்கு இன்னொரு தீப்பெட்டி, சிவப்பு நூல். "யாரு வந்து கட்டுனாலும் இந்தப் பொட்டியில இருக்கறதைத்தான் கட்டோணும். வேற கம்பி இந்தக் கட்டைக்குள்ள போகக் கூடாதுங்க."

அவர் வேலை செய்த வீடு ஒவ்வொன்றிலும் அந்தத் தீப்பெட்டிகள் தொங்கும். தோட்டமும் துரவுமாக இருந்த ஒரு பெரிய விவசாயி வீட்டில் நடந்ததை ஊரே சொல்லிச் சிரிக்கும். அவர் வழக்கம்போலச் சமையலறை வாசலில் போய் உட்கார, வீட்டுக்காரர் சத்தம் போட்டாராம்.

"ஏப்பா, பொம்பளைங்ககிட்ட என்ன கேட்டுட்டு உக்காந்திருக்கறே? நான் சொல்றன், தடியா ஒரே லைன் இழுத்துட்டுப் போ."

"இழுக்கறனுங்க. அப்ப ஒரு நாளைக்கு நீங்க சமையல் பண்ணுங்க. பாத்துப்போட்டு இழுக்கறன்."

அந்த வீட்டில் மூன்று லைன் போட்டார். அந்த வீட்டு அம்மா அதன்பிறகு அவருக்குத் தனியாகத் தயிர் எடுத்துவைக்கும் அளவுக்கு மரியாதை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப் போடத்தான்.

என் பஸ் எட்டேகாலுக்கு. அடுப்பு எரியும்போது கிரைண்டர் கூடாது, கிரைண்டர் ஓடும்போது அடுப்பு கூடாது என்றால் இட்லி தாமதம், சாப்பாடு தாமதம். இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். அவசரத்தில் அவள் இரண்டையும் போட்டால் 'டப்'. அவர் சைக்கிளில் வந்து, முகம் சுளிக்காமல், நீல நூல் தீப்பெட்டியைத் திறந்து அதே மெல்லிய கம்பியைக் கட்டிவிட்டுப் போவார். இரண்டாம் தடவை நான் கேட்டேன்.

"கொஞ்சம் தடியாத்தான் கட்டுங்களேன்."

"தடியாக் கட்டுனா இவன் தோக்க மாட்டானுங்க. அப்பறம் வேற ஏதாச்சும் தோக்கோணும். அலமாரியை நகத்துங்க சார்."

மூன்றாம் முறை ஃபியூஸ் போனபோது அவர் பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். நானே கட்டுகிறேன் என்றேன். "வேண்டாம்ன்னா. அவர் வரட்டும். நீங்க தொடாதேங்கோ" என்றாள் என் மனைவி. புத்தகம் படித்தவனை, தீப்பெட்டியில் கம்பி வைக்கிறவரோடு ஒப்பிட்டு அவள் அவரைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனதும் பழைய ரேடியோ ஏரியல் கம்பியை வெட்டி, நாலு இழையை ஒன்றாக முறுக்கி, பீங்கான் கட்டைக்குள் கட்டினேன். தீப்பெட்டியை நான் திறக்கக்கூட இல்லை.

கோயிலிலிருந்து வந்தவள் கிரைண்டர் ஓடுவதைப் பார்த்து, "அட, அவர் வந்துட்டாரா?" என்றாள்.

"வந்து கட்டிட்டுப் போனார்."

நான் கட்டினேன் என்று சொன்னால் திட்டுவாள். அவர் கட்டினார் என்றால் இரண்டையும் ஒன்றாகப் போட பயப்பட மாட்டாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு லாபம். "இந்தத் தடவை பலமா கட்டியிருக்கார். ரெண்டையும் சேர்த்துப் போடலாம்னார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஃபியூஸ் போகவில்லை. பஸ் தவறவில்லை. ஆபீசில் என் குறித்த நேர வருகையைப் பாராட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அண்ணா குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. காலையிலிருந்து கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு மூன்றும் ஓய்வில்லாமல் ஓடின. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நிமிர்ந்தபோது அலமாரிக்குப் பின்னாலிருந்து புகை. ஃபியூஸ் தோற்கவில்லை. அதனால் லைன் கம்பி முழுக்கச் சூடாகி, அலமாரி அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் மரச்சட்டம் பற்றிக்கொண்டது. நான் "ஐயோ, புத்தகம்!" என்று கத்தினேன். என் மனைவி அடுப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். அது உருகிப்போயிருந்தது. அவள் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அக்கம்பக்கத்தார் மெயினை அணைத்து, மண்ணை வாரிக் கொட்டி நெருப்பை அடக்கினார்கள். மின்சாரத்தைப் பற்றிய அந்தச் சிறு புத்தகமும் எரிந்துபோயிற்று. நீதி என்று ஒன்று இருந்திருந்தால் அது மட்டும்தான் எரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கரண்ட் ஆபீஸிலிருந்து ஓவர்சீயர் வந்தார். மலையாளி, ஒழுங்கான மனிதர். மறுபடி பொள்ளாச்சிக்குப் போயிருந்த நம் வயர்மேனும் கேள்விப்பட்டு, வேலையைப் பாதியில் விட்டு முதல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்றிருந்தார். ஓவர்சீயர் பீங்கான் கட்டையைப் பிடுங்கினார். என் நாலு இழை ஏரியல் கம்பி கொஞ்சமும் நோகாமல் பளபளவென்று இருந்தது.

"ஆரா இது கெட்டியது?"

யார் கட்டியது என்ற கேள்விக்கு என் மனைவி பதில் சொன்னாள். கையில் கட்டு. முந்தின நாள் முழுக்க அழுத முகம். "இவர்தான். மூணு வாரம் முன்னாடி வந்து கட்டினார். ரெண்டையும் சேர்த்துப் போடலாம்னும் சொல்லிட்டுப் போனார்."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றும் சொல்லவில்லை. என் பொய்யை நம்பி, அதை அப்படியே சொன்னாள்.

"நானுங்களா?" என்றார். அவர் கண் முதலில் கம்பிக்குப் போயிற்று. பிறகு ஆணியில் தொங்கிய நீல நூல் தீப்பெட்டிக்கு. பிறகு எனக்கு. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஓவர்சீயரிடம் திரும்பி, "நான் கட்டலீங்க" என்று ஒரு தடவை சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். நான் சர்க்கார் ஊழியன். மீட்டர் பலகையில் கை வைத்தேன் என்று பதிவானால் கனெக்ஷனும் போகும், ஆபீசில் கேள்வியும் வரும்.

"இந்த வீட்டு வயரிங் முழுக்க இவர் செய்ததுதான்" என்றேன்.

குமாஸ்தா பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியின் பதிலைச் சொல்வான்.

போகும்போது அவர் என் மனைவியிடம், "கை நெம்ப எரியுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவருக்கு மெமோ வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் வந்தார் தெரியுமா? என்னிடம். பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், தபால் ஆபீஸ்காரர் இருந்தார். இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை. காகிதம் என்றால் சார் என்ற பழக்கமா, இல்லை, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வந்தாரா?

"பெர்மிட்டை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கா" என்று படித்துச் சொன்னேன். "விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

"எழுதுங்க சார். அந்தக் கம்பியை நான் கட்டலைன்னு எழுதுங்க. என்ற கம்பி தீப்பொட்டியில அப்படியே இருக்குது, வந்து பாத்துக்கச் சொல்லி எழுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "யாரு கட்டுனாங்கன்னு எழுத வேண்டாமுங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எரிந்து கறுத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் என் மனைவி இடது கையால் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

பேனாவை எடுத்தேன். அவர் கட்டவில்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு யார் என்பதுதான். அதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதில் இருந்தது. அதோடு ஆபீஸ் அனுபவம் வேறு காதில் ஓதியது: மறுத்தால் விசாரணை, மன்னிப்புக் கேட்டால் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், இதில் அவருக்கும் நல்லதுதான். நல்ல மலையாளத்தில், குண்டு குண்டான எழுத்தில், கவனக்குறைவால் தவறான கம்பியைக் கட்டிவிட்டதாகவும், இனி இப்படி நேராது என்றும், மாப்புக் கேட்டும் எழுதினேன். அடியில் அவர் பெயரை எழுதினேன்.

"படிங்க சார்" என்றார்.

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தமிழில் படித்தேன். அந்தக் கம்பியை நான் கட்டவில்லை. என் கம்பி தீப்பெட்டியில் அப்படியே இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்ளவும். அதில் எழுதாததையெல்லாம் தடங்கலில்லாமல் படித்தேன்.

"சரிங்க" என்று தமிழில் கையெழுத்துப் போட்டார். "எனக்கு ஒரு நகல் குடுங்க."

நகல் இருந்தது. எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைப்பது பதினைந்து வருஷத் தொழில் பழக்கம். அன்றும் கை தானாக வைத்திருந்தது. மடித்துத் தகரப் பெட்டிக்குள், பெர்மிட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

எச்சரிக்கையோடு போகவில்லை. ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. அதையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"ஒரு வருஷம் பெர்மிட்டை நிறுத்தி வச்சிருக்கா" என்றேன்.

"நான் கட்டலைன்னு எழுதியுமுங்களா?"

"ஆமாம்."

"காரணம் ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

போட்டிருந்தது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

"ஒண்ணும் போடலை" என்றேன்.

ஒரு வருஷம் என்பது காகிதத்தில்தான். ஊரில் அது அப்படி முடிவதில்லை. 'அம்மிணி கையைச் சுட்டுப்போட்டவன்' என்று பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெரிய விவசாயி வீட்டில்கூட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். பல வீடுகளில் நீல நூல் தீப்பெட்டிகளை ஆணியிலிருந்து எடுத்துத் தூரப் போட்டார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி தன் கையாலேயே எடுத்துப் போட்டாள். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். எனக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டது.

நாலு வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாகக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். மத்தியானம் கேண்டீனில் சாப்பிடச் சொன்னார்கள். உள்ளே மூன்று பெரிய கிரைண்டர்கள். மூன்றுக்கும் சுவரில் தனித்தனி லைன். பலகைக்குப் பக்கத்தில் மூன்று தீப்பெட்டிகள், மூன்று நிற நூல். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நீல யூனிபார்மில் அவர் வந்துவிட்டார்.

"சார்! ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? அம்மிணி கை ஆறிருச்சுங்களா?"

ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது என்றேன்.

"மடக்கி நீட்ட முடியுதுங்களா?"

"முடியுது."

"அது போதுமுங்க."

காப்பி வாங்கிக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்று முதல் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இங்க வந்து மலையாளம் படிக்கக் கத்துக்கிட்டனுங்க சார். இனி யாரையும் சிரமப்படுத்த வேண்டாம் பாருங்க."

"அப்படியா?" என்றேன்.

"எழுத்துக் கூட்டித்தானுங்க. படிச்சுப் பழகறதுக்குப் புதுக் காயிதம் ஏது நம்மகிட்ட? பொட்டியில பழைய காயிதமெல்லாம் இருந்துச்சு. அதை எடுத்து வெச்சுத்தான் பழகினனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். கை சூடு தாங்கவில்லை.

"மத்தவங்க எழுதுனதைப் பிரிச்சுப் படிக்கறது சிரமமுங்க" என்றார் அவர். "உங்க கையெழுத்து குண்டு குண்டா, நல்லா இருக்குதுங்க. வெரசாப் படிச்சுப்போட்டன்."

முகத்தில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன்; இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள், மூன்றாம் கிரைண்டர் நின்றுவிட்டது என்று. "தோத்துருச்சுங்களா? இதோ வரனுங்க" என்று எழுந்தார். போகிறபோது திரும்பி, "இப்ப இருக்கற ஊட்டுல அடுப்புக்குத் தனி லைன் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது உண்மை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "கஞ்சிக்கோட்டுல தெரிஞ்சவா யாராவது இருந்தாளா?" என்றாள்.

"யாரும் இல்லை" என்றேன்.

அது நடந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் எங்கள் சொந்த வீட்டுச் சமையலறைக்குப் புது மாதிரிச் சுவிட்சுகள் போட ஒருவர் வந்தார். இப்போது கம்பி கட்டும் வேலையே இல்லை. தாங்காதபோது சுவிட்சே தானாகக் கீழே விழுந்துவிடும், திரும்பத் தூக்கிவிட்டால் போதும். வந்தவர் சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "எத்தனை ஆம்ப்ஸ் போடலாம் சார்?" என்றார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அவரை என்ன கேக்கறேள்? ஒரு நாள் கார்த்தால வந்து உக்காந்து பாருங்கோ. என்னென்ன சேர்ந்து ஓடறதுன்னு பாத்துட்டுப் போடுங்கோ" என்றாள்.

அவர் போன பிறகு அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் பண்ணினார். எத்தனை பொறுப்பான மனுஷர். கடைசியில என்னத்துக்கு அப்படி ஒரு தடிக் கம்பியைக் கட்டினாரோ, எனக்கு இன்னும் புரியலையாக்கும்."

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பது அவள்தான். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுப்பாள். இந்தப் பக்கங்களையும் சற்று முன்பு சமையலறை மேடையில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரிக்காக ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்.

நான் வரும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நின்றிருக்கிறது. விளக்கு எரிகிறது, கரண்ட் போகவில்லை.